கணவர் வாங்கிய கடன் மனைவியைச் சேருமா?

வாசகியின் கேள்வி: எனக்குத் திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகின்றன, ஐந்து வயதில் மகள் இருக்கிறாள். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. கணவர் எனக்குத் தெரியாமல் கடன்பற்று அட்டைகளிலும் உரிமம் பெற்ற கடன்கொடுப்போரிடமும் ஏறத்தாழ 60,000 வெள்ளி கடன் வாங்கியிருப்பது, வீட்டுக்கு வந்த கடிதங்களால்தான் தெரிந்தது. ஒரு பகுதி சூதாட்டத்தில் போனதாக ஒப்புக்கொள்கிறார். எல்லாவற்றையும் அடைக்கப் புதுக் கடன் எடுக்க வேண்டும், நீயும் கையெழுத்துப் போடு என்கிறார். மணவிலக்குப் பெற்றால் இந்தக் கடனிலிருந்து தப்பலாமா? வீடு போய்விடுமா?

பதில்: அந்தக் கையெழுத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். கணவர் தம் பெயரில் மட்டும் வாங்கிய கடனுக்கு, நீங்கள் மனைவி என்ற ஒரே காரணத்தால் சட்டம் உங்களைப் பொறுப்பாக்குவதில்லை. கூட்டாகவோ உத்தரவாதம் அளித்தோ கையெழுத்திட்டால்தான் அது உங்கள் கடனும் ஆகும். பிறகு மணவிலக்கே கிடைத்தாலும் கடன் கொடுத்தவர் உங்களிடம் வசூலிக்க வரலாம். ஆகவே கடனுக்குப் பயந்து மட்டும் மணவிலக்கு கோரத் தேவையில்லை.

கடன்பற்று அட்டை நிறுவனமோ கடன்கொடுப்பவரோ வீவக வீட்டைப் பறிமுதல் செய்து விற்க முடியாது. ஆனால் வீட்டுக் கடன் தவணை தொடர்ந்து நிலுவையில் நின்றால் வீடு கைவிட்டுப் போகக்கூடும் என்பதால், மற்றக் கடன்காரர்கள் எவ்வளவு நெருக்கினாலும் தவணையை முதலில் கட்டுங்கள்.

மணவிலக்கு வரை சென்றால், கடன் எதற்காக வாங்கப்பட்டது என்ற கேள்வி முக்கியமாகிறது. திருமணம், மணவிலக்கு பற்றிய சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனத்தின் 112ஆம் பிரிவின்படி, வீடும் மத்திய சேம நிதிச் சேமிப்பும் உள்ளிட்ட மணவாழ்க்கைச் சொத்துகளை நீதிமன்றம் நியாயமான முறையில் பகிர்ந்தளிக்கும். ஆளுக்குப் பாதி என்ற கட்டாயம் இல்லை. இருவரின் நன்மைக்காகவோ பிள்ளையின் நன்மைக்காகவோ ஏற்ற கடனைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு கூறுவதால், மகளின் மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனும் சூதாட்டத்துக்கு வாங்கிய கடனும் நீதிமன்றத்தில் ஒன்றாகப் பார்க்கப்பட மாட்டா. நீங்கள் வீட்டையும் மகளையும் கவனித்துக்கொண்டதும் பங்களிப்பாகவே கருதப்படும். எனவே கடன் கடிதங்களையும் வங்கிக் கணக்கு அறிக்கைகளையும் இப்போதே நகலெடுத்து வையுங்கள்.

கடன் இருப்பது மட்டும் மணவிலக்குக்குப் போதுமான காரணம் ஆகாது. திரும்பத் திரும்ப மறைத்துக் கடன் வாங்குவதும் குடும்பச் செலவுக்குப் பணம் தராததும், இனிச் சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத நடத்தை என்று காட்ட உதவலாம். 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒத்துக்கொண்டு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. ஆனால் சமரசத்துக்கு நியாயமான வாய்ப்பு உள்ளதாக நீதிமன்றம் கருதினால் அந்த ஒப்புதலை ஏற்காது. முஸ்லிம் சட்டப்படி மணந்தவர்களாயின் மணவிலக்கு ஷரியா நீதிமன்றத்துக்கு உரியது.

உங்கள் கணவர் சூதாட்டத்தை ஒப்புக்கொண்டிருப்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. மணவிலக்கு கோராமலேயே மாதர் சாசனத்தின்கீழ் உங்களுக்கும் மகளுக்கும் பராமரிப்புத் தொகை கேட்கலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. சம்பளம் முழுவதும் கடனுக்கே போகும் வீடுகளில் இந்த ஆணை பெரிய பாதுகாப்பு. சூதாட்டக் கூடத்துக்குள் அவர் நுழைவதைத் தடுக்கும் குடும்பத் தடை ஆணைக்கும் நீங்கள் விண்ணப்பிக்க முடியும்.

கடனைப் பொறுத்தவரை, கடனில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை வழங்கும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் அமைப்பை அவர் நேரில் அணுகித் திருப்பிச் செலுத்தும் திட்டம் ஒன்றை வகுத்துக்கொள்வது, புதுக் கடன் எடுப்பதைவிடப் பன்மடங்கு நல்லது. உரிமம் பெற்ற கடன்கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஒப்பந்தங்களில் அதைச் சரிபாருங்கள். 15,000 வெள்ளியை எட்டிய கடனுக்கு அவரை நொடித்துப்போனவராக அறிவிக்கக் கோரலாம் என்பதால் தாமதம் ஆபத்தானது. அப்படி வழக்கு வந்தாலும், பிணையற்ற கடன்கள் மொத்தம் 150,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கான, ஐந்து ஆண்டுகள் வரை தவணையில் கட்டும் அரசாங்கத் திட்டத்துக்கு அவர் தகுதிபெறக்கூடும்.

உரிமமின்றிக் கடன் கொடுக்கும் கடன்முதலைகளிடமும் கைநீட்டியிருக்கிறாரா என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால், அவர்களுக்கு ஒரு காசும் கொடுக்காமல் அன்றே காவல்துறையில் புகார் செய்யுங்கள். உரிமமின்றிக் கொடுத்த கடனை நீதிமன்றத்தின் மூலம் அவர்களால் வசூலிக்க முடியாது.