பி.காம். முடித்தவர் எம்.எஸ்சி. உளவியலுக்கு விண்ணப்பிக்க எப்படித் தயாராக வேண்டும்?

"மனிதர்களைப் புரிந்துகொள்ளும் குணம் எனக்கு இயல்பிலேயே உண்டு, அதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். அதே வரியை எழுதிக் கொடுத்துத்தான் முதல் வருஷம் எனக்கு இடம் கிடைக்காமல் போனது.

நானும் பி.காம்.தான். கோட்டையூர்க்காரி. டிகிரி முடித்ததும் காரைக்குடியில் ஓர் ஆச்சி நடத்தும் பலகாரக் கடையில் கணக்கு எழுதினேன். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை என்று முகூர்த்த மாதங்களில் ஆர்டர் குவியும். இரவு எட்டு மணிக்கு மேல்தான் படிப்பு. நேர்காணலில் ஒரு பேராசிரியர், தோழிகள் எல்லாரும் என்னிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "நல்ல குணம்மா. சரி, ரிலையபிலிட்டிக்கும் வேலிடிட்டிக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "உதாரணம்?" என்றார். வாயே திறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்துக் கடையில் சரக்குக் கணக்கு இடித்தது. சுட்டதற்கும் விற்றதற்கும் பொருந்தவில்லை. யாரோ எடுக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. நான் பழைய இரும்புத் தராசின் ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து, நாங்கள் விற்பனைக்கு நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 960 கிராம் என்று காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 960. பத்து முறை வைத்தேன், பத்து முறையும் 960. கிலோவுக்கு நாற்பது கிராமுக்கு மேல் கூடுதலாகவே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆச்சி, "போனது போகட்டும்த்தா, வாங்குனவுக சாப்பிட்டாகல்ல" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தராசுக்காரரை வரவழைத்தார். எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. எத்தனை முறை வைத்தாலும் ஒரே எண், அது ரிலையபிலிட்டி. அந்த எண் உண்மையான எடை இல்லை, வேலிடிட்டி இல்லை.

அப்புறம் வீட்டில் அப்பத்தாவைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. பட்டாலையில் தனியாகப் படுத்திருப்பார். ஐயா, அதாவது தாத்தா, காலமான பிறகு சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது. "மனசு சோர்வா இருக்கா அப்பத்தா?" என்று கேட்டால், "எனக்கென்ன குறை" என்பார். "நெஞ்சு அடைக்குது, கைகால் ஓயுது" என்று மட்டும் தினமும் சொல்வார். மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளை அப்படியே தமிழில் மாற்றி அவரிடம் கொடுத்தால், இன்றைக்கும் நாளைக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும், ஆனால் அவர் சோர்வு அதில் பதியாது, அது 960 கிராம் தராசு. மறுவருஷ நோக்க அறிக்கையில் (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவது) நான் எழுதியது இதைத்தான். பேராசிரியர்கள் அதிலிருந்தே கேள்வி கேட்டார்கள். சென்னையில் இடம் கிடைத்தது.

எண்ணையும் தராசையும் பிடித்துக்கொண்டு மனிதரை விட்டுவிட்டாய் என்று சிலர் சொல்வீர்கள். இல்லை. அப்பத்தா சொன்னதைச் சரியாகக் கேட்கவே எனக்கு அந்தத் தராசு தேவைப்பட்டது.

படிப்புக்கு வருகிறேன். பி.காம். உங்களுக்கு லாபம், புள்ளியியலில் பாதி ஏற்கெனவே தெரியும். ஆனால் சூத்திரம் போதாது, பொருள் சொல்லத் தெரிய வேண்டும். இரண்டு பேர் சுடும் அதிரசத்தின் சராசரி எடை ஒன்றாக இருக்கலாம்; ஒருவருடையது எல்லாம் ஒரே அளவு, மற்றவருடையது ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அந்தச் சிதறலைச் சொல்வதுதான் திட்ட விலக்கம். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டைத் தண்டனை என்று எழுதிவிடாதீர்கள். தைலம் தடவியதும் தலைவலி போகிறது, அதனால் அடுத்த முறையும் தைலத்தைத் தேடுகிறோம், அதுதான் அது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் என்பவர் முதல் உளவியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது, 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை வந்தது போன்றவை ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் பி.ஜி. (CUET PG) என்ற பொது நுழைவுத் தேர்வு, சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும், அதனால் குருட்டாம்போக்கில் குறிக்காதீர்கள். சில கல்லூரிகள் எந்தப் பட்டத்தையும் ஏற்கும், சில இளங்கலையிலேயே உளவியல் கேட்கும். ஒவ்வொரு பிராஸ்பெக்டஸாகப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். எம்.எஸ்சி. முடித்தாலே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தகுதியைக் கேட்கிறது. அந்தச் சட்டம் சொல்லும் எம்.ஃபில். இரண்டு வருஷ முழுநேரப் படிப்பு. விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் அந்தந்த வருஷ அறிவிப்பைக் கவுன்சில் தளத்தில் பாருங்கள். அஞ்சல்வழியில் உளவியல் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் தடை விதித்துவிட்டது; யாராவது அஞ்சல்வழி முதுநிலையில் சேர்க்கிறோம் என்றால், கட்டணம் கட்டும் முன்னால் கட்டாயம் பாருங்கள்.

நான் இரண்டாம் முறை படித்த மாதங்களில் பக்கத்து வளவு வீட்டை ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். விடியவிடிய ஜெனரேட்டர் சத்தம். கேட்காமலே எங்கள் முகப்புக்குள் வந்து அப்பத்தாவை ஓரமாக நகரச் சொல்லி, தூணைப் போட்டோ எடுத்தார்கள். செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் பர்மாத் தேக்கையும் விட்டால் கோழிக் குழம்பைத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கல்லில் கால் வைக்கத் தடுமாறி, சாவிக்கொத்தோடு தனியாக நடக்கிற கிழவிகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் ஊரில் நீங்கள் தினமும் பார்க்கிற ஒருவரை வைத்து நோக்க அறிக்கையின் முதல் பத்தியை எழுதி எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.