சந்தைக் கூடையும் சுட்டெண்ணும்: வாசகர் கேள்வி–பதில்

பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டது என்று 2024 இல் செய்தியில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு சாமானாவது பழைய விலைக்கு வந்ததாகத் தெரியவில்லை. கணக்கில் பிழையா, என் பையில் ஓட்டையா?
— இல்லத்தரசி, கொக்குவில்

இரண்டும் சரியாகவே இருக்கின்றன. பணவீக்கம் காட்டுவது விலை ஏறும் வேகத்தை மட்டும். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஓராண்டு ஏற்றம் 69.8 சதவீதம், 2023 செப்டெம்பரில் 1.3, 2024 செப்டெம்பரில் மைனஸ் 0.5. இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை அடுத்த ஆண்டு 169.80, அதை 1.013 ஆல் பெருக்க 172, 0.995 ஆல் பெருக்க 171. ஒரு ரூபா இறங்கியதைத்தான் செய்தி சொன்னது. ஏறிய எழுபது ரூபா அப்படியே நிற்கிறது. (முதல் எண் 2013 ஐ அடியாண்டாகக் கொண்ட கூடையில் கணித்தது, மற்ற இரண்டும் 2021 அடியாண்டு. ஆகவே இந்தத் தொடரைத் தசமம்வரை நம்ப வேண்டாம்.)

அடுத்தது, அது யாருடைய கூடை என்பது. கொழும்புச் சுட்டெண் கொழும்பு நகரக் குடும்பங்களின் செலவை வைத்துச் செய்தது. அதில் உணவுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 26 பங்கு நிறை. தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அது 39 அளவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்கு இரண்டாவதுதான் கிட்டிய உறவு. இரண்டையும் வெளியிடுவது தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமே. செய்தியில் முதலில் அடிபடுவது மட்டும் கொழும்பு எண்.

உங்கள் வீட்டுக்கே ஒரு சுட்டெண் போடலாம். ஒரு மாதச் செலவை எழுதி நிறையை எடுங்கள். சாப்பாட்டுக்கு 40,000 ரூபா போகிறது, அதில் அரிசி, மா 10,000, மீன் 10,000, மரக்கறி 8,000, தேங்காயும் எண்ணெயும் 6,000, மிச்சம் 6,000 என்று வைப்போம். நிறைகள் 25, 25, 20, 15, 15. ஓராண்டில் அரிசி 4 சதவீதம் இறங்கி, மீன் 10 ஏறி, மரக்கறி 15 இறங்கி, தேங்காய் 40 ஏறி, மிச்சம் அசையாமல் நின்றால், நிறையால் பெருக்கிக் கூட்டும்போது மைனஸ் 1, பிளஸ் 2.5, மைனஸ் 3, பிளஸ் 6. மொத்தம் 4.5 சதவீதம். நிறையை விட்டுவிட்டு ஐந்து மாற்றங்களையும் வெறுமனே கூட்டி ஐந்தால் பிரித்தால் 6.2 வரும். மேடைப் பேச்சுகளில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கணக்கு.

விலை குறிக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது. காலை ஏலம் முடிந்த கையோடு கேட்ட மீன் விலையை மத்தியான விலையோடு ஒப்பிட முடியாது. பாரையைச் சூடையோடு ஒப்பிடவும் முடியாது. கீரைக்கட்டு அதே விலையில் நின்று, கட்டு மெலிந்திருக்கும். அதைத் தராசில் வைத்துக் கிலோ விலையாக்குங்கள். தேங்காய்க்கும் அளவு குறித்து வைக்க வேண்டும். ஒரு மாதம் பாரை வரவே இல்லையென்றால் போன மாத விலையைத் திரும்ப எழுதிவிடாதீர்கள், அது ஏற்றத்தை மறைத்துவிடும். அதே தரத்து வேறு மீன் எத்தனை சதவீதம் மாறியதோ, அந்த மாற்றத்தைப் பாரைக்குக் கொடுங்கள். நிறைகளை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மீன் விலை ஏறி நீங்கள் பருப்புக்கு மாறிய பிறகும் பழைய நிறையையே வைத்திருந்தால் சுட்டெண் உங்கள் சுமையைக் கூட்டிக் காட்டும்.

மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறேன். 2023 ஆகஸ்டை விட 2024 ஆகஸ்டில் விற்பனை நன்றாகக் கூடியது. இதை வளர்ச்சி என்று வங்கிக்குக் காட்டலாமா?
— வியாபாரி, சுன்னாகம்

காட்டலாம், ஆனால் விஷயம் தெரிந்த அதிகாரி முதலில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றத் திகதியைக் கேட்பார். 2023 இல் கொடியேற்றம் ஆகஸ்ட் 21. திருவிழாவின் 25 நாளில் 11 நாள்தான் ஆகஸ்டுக்குள் வந்தது. 2024 இல் ஆகஸ்ட் 9. 23 நாள் ஆகஸ்டில் விழுந்தது. 2025 இல் ஜூலை 29. ஆகஸ்டில் 22 நாள். கொடியேறினால் பாதி யாழ்ப்பாணம் மச்ச மாமிசத்தை விட்டு மரக்கறிக்கு மாறிவிடும் என்பது உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போதாததற்கு, மரக்கறி நாளான வெள்ளிக்கிழமை 2023 ஆகஸ்டில் நான்கு, 2024 இல் ஐந்து.

இங்கே வழக்கமான பருவகாலத் திருத்தம் உதவாது. 12 மாத நகரும் சராசரி எடுத்து, ஒவ்வொரு மாதத்தையும் அதனால் பிரித்து, பல ஆண்டு ஆகஸ்டுகளின் சராசரியை ஆகஸ்டின் பருவச் சுட்டெண் ஆக்குவார்கள். ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் நிற்கும் பருவத்துக்கு அது பொருந்தும்: காலபோக நெல் அறுவடை, மாரி மழை. சந்திரனைப் பார்த்து நகரும் திருவிழாவை அது ஆகஸ்டுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் குழப்பிவிடும்.

கையில் கணினி இருந்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் ‘திருவிழாப் பங்கு’ என்று ஒரு நிரல் சேருங்கள். 2023 இல் ஆகஸ்டுக்கு 11/25 = 0.44, செப்டெம்பருக்கு 14/25 = 0.56. 2024 இல் 0.92, 0.08. 2025 இல் ஜூலைக்கு 0.12, ஆகஸ்டுக்கு 0.88. மற்ற மாதங்களுக்கெல்லாம் 0. விற்பனையின் மடக்கையை இந்த நிரலோடும் மாதங்களோடும் போக்கோடும் சேர்த்துப் பிற்செலவுப் பகுப்பாய்வு (regression) செய்தால் திருவிழாவின் பங்கு தனியாகப் பிரிந்துவிடும். ஐந்தாறு ஆண்டு மாதக் கணக்கு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கணினி வேண்டாம் என்றால் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் மூன்றையும் கூட்டி முழுக் காலாண்டாக ஒப்பிடுங்கள். இந்த மூன்று ஆண்டிலும் திருவிழா முழுவதும் அந்த மூன்று மாதத்துக்குள் அடங்குகிறது. ரூபாவிலும் கிலோவிலும் இரண்டு கணக்கு வையுங்கள். ரூபா கூடிக் கிலோ குறைந்திருந்தால் அது விலையின் வேலை.

வட மாகாணத்தின் பங்கு நாட்டின் உற்பத்தியில் நான்கைந்து சதவீதம்தான் என்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள்? வெளிநாட்டுக் காசு இதில் வருகிறதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

மாகாணத்தில் நின்று கூட்டி வந்த தொகை என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய வங்கி நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைத் துறை துறையாக எடுத்து, ஒவ்வொரு துறைக்கும் பொருத்தமான குறிகாட்டியை வைத்து மாகாணங்களுக்குப் பிரிக்கிறது. மேலிருந்து கீழ் வரும் பங்கீடு இது. இதில் குறிகாட்டிதான் உயிர். மீனைப் பிடித்த நிறையால் பிரித்தால் ஒரு கிலோ சூடையும் ஒரு கிலோ இறாலும் சமமாகிவிடும். விலைப் பெறுமதியால் பிரித்தால் பங்கே மாறும். வேலையாள் தொகையால் பிரித்தால், யாழ்ப்பாணத்துத் தையலகத்தில் ஒருவர் உழைப்பதும் சுதந்திர வர்த்தக வலயத் தொழிற்சாலையில் ஒருவர் உழைப்பதும் ஒரே பெறுமதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

இந்தக் கணக்கு நடைமுறை விலையில், அதாவது அந்தந்த ஆண்டு விலையில், இருப்பதையும் மறக்கக்கூடாது. பங்கு 4.0 இலிருந்து 4.4 ஆனது, நாட்டின் தொகை ரூபாவில் 40 சதவீதம் ஏறியது என்று உதாரணத்துக்கு வைத்தால், மாகாணத் தொகை 1.4 × 4.4 ÷ 4.0 = 1.54 மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. மாகாணம் விளைவிக்கும் பொருள்களின் விலை அதே காலத்தில் 60 சதவீதம் ஏறியிருந்தால் 1.54 ÷ 1.60 = 0.96. பங்கு கூடிய ஆண்டில் உற்பத்தி 4 சதவீதம் குறைந்திருக்கிறது.

பங்கைத் தனியே பார்ப்பதைவிட மக்கள்தொகைப் பங்கால் பிரித்துப் பாருங்கள். 2012 தொகைமதிப்பில் நாட்டில் 2 கோடி 3 லட்சத்து 59 ஆயிரம், வட மாகாணத்தில் 10 லட்சத்து 61 ஆயிரம், அதாவது 5.2 சதவீதம். பங்கு 4.2 என்றால் 4.2 ÷ 5.2 = 0.81. தலைக்கு நாட்டுச் சராசரியின் ஐந்தில் நான்கு.

வெளிநாட்டுக் காசு உள்நாட்டு உற்பத்தியில் நேரே சேராது. இங்கே உற்பத்தி நடந்து கிடைத்த பணம் அல்லாததால் அதைத் தேசிய செலவிடத்தக்க வருமானத்தில் சேர்ப்பார்கள். அந்தக் காசில் வீடு கட்டினால் மேசன் கூலியும் ஒப்பந்தகாரர் இலாபமும் மாகாணக் கணக்கில் ஏறும். சீமெந்தின் பெறுமதி அது அரைபட்ட இடத்தின் கணக்கில் போகும். காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1990 இல் நின்ற பிறகு அந்தப் பங்கு வடக்கில் இல்லை. மாடி வீடுகள் எழும்பியும் மாகாணப் பங்கு மெல்ல நகர்வதற்கு இது ஒரு காரணம்.

சராசரி வருமானம், இடைய வருமானம் — எதை எடுப்பது?
— மாணவி, பருத்தித்துறை

2019 வீட்டு வருமான, செலவின அளவீட்டில் மாதச் சராசரி 76,414 ரூபா, இடையம் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானம்) 53,333. சாதாரணக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால் இடையம். மொத்த வரி, மொத்தக் கேள்வி என்று பெருக்கப் போகிறீர்கள் என்றால் சராசரி. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது எல்லையைப் பாருங்கள்: 2006/07 அளவீட்டில் வட மாகாணமே இல்லை, 2009/10 இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு இல்லை. ‘இலங்கை’ என்ற தலைப்பின் கீழ் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு நிலப்பரப்பு.

வெளிநாட்டுப் பணவரவுக்கும் காணி விலைக்கும் 15 ஆண்டு ஆண்டுத் தரவில் இணைபுக் குணகம் 0.97 வந்தது. ஆய்வறிக்கையில் ‘பணவரவே காரணம்’ என்று எழுதலாமா?
— இறுதியாண்டு மாணவர், யாழ்ப்பாணம்

எழுத வேண்டாம். இணைபுக் குணகம் சொல்வது இரண்டு தொடரும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டும். ரூபாவில் ஏறிக்கொண்டே போகும் எந்த இரண்டு தொடரை எடுத்தாலும் இப்படித்தான் வரும். பாண் விலையை வைத்தாலும் 0.97 கிட்டும். புள்ளியியலாளர் யூல் 1926 இலேயே இதைக் காட்டிவிட்டார். கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974 இல் ஒரு எச்சரிக்கை அடையாளமும் தந்தார்கள்: ஆர் வர்க்கம் (கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற எண்) டேர்பின்–வொட்சன் எண்ணைவிட (ஓராண்டு வழு அடுத்த ஆண்டு வழுவோடு ஒட்டி வருகிறதா என்று காட்டுவது) பெரிதாக இருந்தால் சந்தேகப்படு. உங்கள் வெளியீட்டில் அந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

பிறகு இரண்டு தொடரையும் விலைச் சுட்டெண்ணால் பிரித்து மெய்ப் பெறுமதி ஆக்குங்கள். மடக்கை எடுத்து, ஆண்டுக்கு ஆண்டு வித்தியாசம் எடுங்கள். 15 ஆண்டு 14 வித்தியாசமாகும். இப்போது வரும் குணகம் 0.3 ஆக இறங்கினாலும் திகைக்க வேண்டாம், அதுதான் உங்கள் உண்மையான சான்று. 14 புள்ளியில் 5 சதவீத மட்டத்தில் பொருளுண்மை, அதாவது வெறும் தற்செயல் அல்ல என்று, சொல்ல 0.53 ஆவது வேண்டும். 2022 ஐ விட்டுவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்த ஒற்றை ஆண்டு மட்டும் கோட்டை இழுத்துப் பிடித்திருக்கலாம். காணி விலையை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். காணி உறுதிப் பத்திரத்தில் எழுதிய விலைக்கும் கைமாறிய காசுக்கும் உள்ள தூரம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் மாவட்ட வேலையின்மை 7 இலிருந்து 9 சதவீதமானது என்று ஒரு அறிக்கை. நிலைமை மோசமாகிறதா?
— சனசமூக நிலையச் செயலாளர், வட்டுக்கோட்டை

மாதிரி எத்தனை பேர் என்று கேளுங்கள். 400 பேர் என்றால் நியம வழு (மாதிரி எடுத்ததால் மட்டும் வரும் தளம்பலின் அளவு) √(0.07 × 0.93 ÷ 400) = 1.3 சதவீதப் புள்ளி. வீடு வீடாகக் கொத்தாகத் தெரிவு செய்த மாதிரியில் ஒரு வீட்டார் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அதனால் மாறற்றிறன் (நியம வழுவின் வர்க்கம்) இரு மடங்கானால் நியம வழு 1.8 ஆகும். 95 சதவீத எல்லை கூட்டிக் கழித்து 3.5. அப்படியானால் 7 என்பது 3.5 க்கும் 10.5 க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 9 அதற்குள்ளேயே கிடக்கிறது. நான்கு காலாண்டுகளைச் சேர்த்து ஆண்டுச் சராசரியாக ஒப்பிடுங்கள், அல்லது மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் இடைவெளி நின்றால் மாவட்டச் செயலகத்துக்கு மனு எழுதலாம்.