சூரியப் புயலை ஆராய விரும்பும் பிள்ளைக்கு எந்தப் படிப்பு, என்ன வேலை?

பிளஸ் டூ படிக்கும் மகள் சூரிய வெடிப்புகளையும் விண்வெளி வானிலையையும்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், இந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியாகவே சொல்லிவிடுகிறோம். வேலை உண்டு, இடங்கள் குறைவு, வழி நீளம். இளநிலை 3 ஆண்டு, முதுநிலை 2, முனைவர் பட்டத்துக்கு 5 என்று மொத்தம் 10 ஆண்டுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 5 ஆண்டுகளுக்கு மாதாந்தர உதவித்தொகை கிடைக்கும் என்பதால் உங்கள் கையிலிருந்து செலவாவது பெரும்பாலும் முதல் 5 ஆண்டுகளுக்குத்தான். ஆகவே பணத்தைப் பற்றிய கவலையைவிட, இந்த வேலை அவளுக்கு உண்மையிலேயே பிடிக்குமா என்ற கேள்விதான் இப்போது முக்கியம். அதைக் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியும்.

சோதிக்கும் முன் துறை எதைப் பற்றியது என்பதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலக் கோடுகள் முறுக்கேறிக்கொண்டே போகும்போது அவற்றில் ஆற்றல் சேர்கிறது. தாங்க முடியாத நிலையில் கோடுகள் அறுந்து வேறு விதமாக இணைகின்றன. சேர்ந்த ஆற்றல் அப்போது சட்டென்று வெளிப்படுகிறது. அதில் ஒரு பங்கு ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் வருவதைத்தான் ஃப்ளேர் என்கிறோம். காந்தப்புலத்தோடு சேர்ந்து கோடிக்கணக்கான டன் பிளாஸ்மா வீசி எறியப்பட்டால் அது சிஎம்இ (கரோனல் மாஸ் இஜெக்‌ஷன்). ஃப்ளேர் இல்லாமலும் சிஎம்இ வரும். சிஎம்இ இல்லாத ஃப்ளேரும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செய்தித்தாள்களில் அடிக்கடி நடக்கிறது.

இவற்றின் விளைவுகள் பூமியை வந்தடைவது மூன்று தவணைகளில். ஃப்ளேரின் ஒளி சுமார் 8 நிமிடங்களில் வந்துவிடும். பகல் பக்கத்தில் சிற்றலை வானொலித் தொடர்பு உடனே பாதிக்கப்படும். வேகமான சிஎம்இயின் முன்னே ஓடும் அதிர்ச்சி அலையால் முடுக்கப்பட்ட புரோட்டான்கள் அரைமணி நேரம் முதல் சில மணி நேரத்துக்குள் வரும். அவற்றால் செயற்கைக்கோளின் மின்னணுக் கருவிகள் பிழை செய்யலாம். துருவப் பாதையில் பறக்கும் விமானங்களைத் திருப்பிவிட நேரும். கடைசியாகச் சிஎம்இ. மிக வேகமானது 15 மணி நேரத்திலும் மெதுவானது 4 நாட்களிலும் வந்து சேர்கிறது. பூமியின் காந்தப்புலத்தையே குலுக்கும் புவிகாந்தப் புயலை உண்டாக்குவது இதுதான். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இத்தகைய புயல். 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 அழிந்துபோனதற்கோ ஒரு நடுத்தரப் புயலே போதுமாக இருந்தது. மேல் வளிமண்டலம் சூடேறி விரிந்ததால் இழுவை கூடி அவை கீழே விழுந்தன.

இத்துறையில் இன்னும் தீராத பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சிஎம்இ சுமந்து வரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் பூமியின் புலத்தோடு பலமாக இணைந்து புயலை எழுப்பும். வடக்கு நோக்கி இருந்தால் அதே வேகம், அதே அளவு சிஎம்இகூடப் பெரும்பாலும் சாதுவாகக் கடந்துவிடும். அந்தத் திசையை நேரடியாக அளக்க, பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளியுள்ள எல்-1 புள்ளியில் நிற்கும் கருவிகளை அது தொட வேண்டும். அதன் பிறகு நமக்குக் கிடைக்கும் அவகாசம் கால் மணி முதல் ஒரு மணி நேரம்தான். அங்கேதான் 2024 ஜனவரி 6 முதல் நம் இஸ்ரோவின் சூரிய ஆய்வுக்கலம் ஆதித்யா-எல்1 இருக்கிறது. வழியில் சிஎம்இ திரும்புகிறது, சுழல்கிறது, முன்னால் போன இன்னொரு சிஎம்இயை விழுங்குகிறது. இந்தப் பரிணாமத்தைக் கணிக்கத்தான் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

காஸ்மிக் கதிர்களின் பங்கு இங்கே தனிச்சுவை உள்ளது. சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து எப்போதும் பொழிந்துகொண்டிருக்கும் இந்தத் துகள்களை, கடந்துபோகும் சிஎம்இ ஒரு குடை போல மறைக்கிறது. பூமியில் இத்துகள்களை எண்ணும் மானிட்டர் கருவிகளில் எண்ணிக்கை சில மணி நேரத்தில் சரிந்து, மெதுவாக, பல நாட்களில் மீள்கிறது. 1937இல் ஸ்காட் ஃபோர்புஷ் கவனித்ததால் இது ஃபோர்புஷ் சரிவு எனப்படுகிறது. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வில் 560 சதுர மீட்டர் பரப்பளவுள்ள மியூவான் தொலைநோக்கி இருக்கிறது (காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் துகள்கள்தான் மியூவான்கள்). 3712 எண்ணிக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். 2015 ஜூன் 22 அன்று அதில் சரிவுக்குப் பதிலாக இரண்டு மணி நேரம் மியூவான்கள் அதிகரித்தன. வந்த சிஎம்இயின் புலம் பூமியின் காந்தக் கவசத்தைத் தற்காலிகமாகப் பலவீனப்படுத்தியதால், வழக்கமாகத் திருப்பி அனுப்பப்படும் துகள்கள் உள்ளே நுழைந்தன என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இனி வீட்டுச் சோதனை. ஒரு கணினி, இணைய இணைப்பு, பைத்தான் மொழியில் அடிப்படைப் பழக்கம் போதும். இரண்டு மாதம், வாரத்துக்கு நான்கைந்து மணி நேரம் ஒதுக்கட்டும். எடுத்துக்கொள்ள வேண்டிய நிகழ்வு 2024 மே 10–11 புயல். இருபது ஆண்டுகளில் காணாத அளவுக்குப் பெரியது. லடாக்கின் ஹான்லேவில் வானம் சிவந்தது படமாகவே இருக்கிறது.

நாசாவின் ஆம்னி தரவுத்தளத்திலிருந்து மே 8 முதல் 15 வரையிலான சூரியக்காற்றின் வேகம், அடர்த்தி, காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குக் கூறு ஆகிய மூன்றையும் இறக்கட்டும். கியோட்டோ தரவு மையத்திலிருந்து, புயலின் பலத்தைக் காட்டும் டிஎஸ்டி குறியீட்டை எடுக்கட்டும்; அது எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பெரிய புயல். இந்தப் புயலில் அது −400 நானோடெஸ்லாவுக்கும் கீழே போனது. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் நியூட்ரான்களை எண்ணும் உலக நியூட்ரான் மானிட்டர் தரவுத்தளத்திலிருந்து பின்லாந்தின் ஊலு நிலைய எண்ணிக்கையை எடுக்கட்டும். ஐந்தையும் ஒரே நேர அச்சில், ஒன்றின் கீழ் ஒன்றாக வரைய வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் ஐந்து இடங்களில் இடறுவாள், இடற வேண்டும்.

முதல் இடறல் நேரம். எல்லாத் தரவும் உலக நேரத்தில் இருக்கும். புயல் பூமியைத் தொட்டது மே 10, உலக நேரம் 17 மணியை ஒட்டி. நம் நேரத்துக்கு இரவு பத்தரை. இதைக் கலந்துவிட்டால் ஐந்தரை மணி நேரப் பிழை வரும், காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். அடுத்து, ஆம்னியில் தரவு விடுபட்ட இடங்களை 9999.99 போன்ற எண்களால் நிரப்பியிருப்பார்கள். அவற்றை நீக்காமல் வரைந்தால் வரைபடம் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கும். மூன்றாவதாக, ஆம்னியின் உயர் பகுப்புத் தரவு (நிமிடக் கணக்கிலானது) எல்-1இல் அளந்த நேரத்தில் இல்லை, பூமியின் காந்தமண்டல முகப்புக்கு நகர்த்தப்பட்டது. மறுபடியும் ஒரு மணி நேரத்தைக் கூட்டிவிடக் கூடாது.

நான்காவது, காற்றழுத்தம். அழுத்தம் 1 ஹெக்டாபாஸ்கல் கூடினால் நியூட்ரான் எண்ணிக்கை சுமார் 0.7 சதவீதம் குறையும். அழுத்தம் 10 ஹெக்டாபாஸ்கல் மாறினாலே 7 சதவீதம் போய்விடும். சாதாரண மழைக்கால வானிலை மாற்றத்தையே ஃபோர்புஷ் சரிவு என்று நினைத்துவிடலாம். அழுத்தத் திருத்தம் செய்த தரவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு புயலுக்கு முந்தைய இரண்டு நாள் சராசரியை 100 என்று வைத்து, மற்றவற்றைச் சதவீதமாக மாற்ற வேண்டும்.

ஐந்தாவதுதான் மிக அழகானது. மே 11 அதிகாலை, உலக நேரம் 2 மணியளவில், சரிந்துகொண்டிருந்த ஊலு எண்ணிக்கையில் ஒரு மேடு தெரியும். சரிவிலிருந்து மீள்கிறது என்று எழுதத் தோன்றும். அது மீட்சி இல்லை. 01:23 மணிக்கு உச்சமடைந்த எக்ஸ் 5.8 ஃப்ளேரோடு (எக்ஸ் என்பது மிகப் பலமான வகை) முடுக்கப்பட்ட சூரியத் துகள்கள் தரைவரை வந்த நிகழ்வு அது, வரிசையில் 74ஆவது. சூரியனுடைய துகள்களும் வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் ஒரே கருவியில், ஒரே இரவில், எதிரெதிர்த் திசையில் கணக்கு காட்டியிருக்கின்றன. இதை யாரும் சொல்லாமல் "இந்த மேடு ஏன்?" என்று அவளாகவே கேட்டுத் தேடத் தொடங்கினால், தயங்காமல் இயற்பியலில் சேருங்கள்.

கூடவே ஒரு கணக்கும் கொடுக்கலாம். சூரியனிலிருந்து 20 சூரிய ஆர தூரத்தில் வினாடிக்கு 1000 கி.மீ. வேகத்தில் போகும் சிஎம்இ, வேகம் குறையாமல் வந்தால் பூமியை அடைய ஏறக்குறைய 38 மணி நேரம். ஆனால் வினாடிக்கு 450 கி.மீ. வேகத்தில் வீசும் சூரியக்காற்று அதைப் பிடித்திழுக்கும். இழுவைக் குணகத்தை ஒரு கி.மீ.க்கு 0.2×10⁻⁷ என்று வைத்துக் கணக்கிட்டால் 50 மணி நேரம் ஆகிறது. வந்து சேரும்போது வேகம் 635 கி.மீ.தான். தேவையானது பிளஸ் டூ தொகையீடும் மடக்கையும். இந்த 12 மணி நேர வித்தியாசத்தைக் கையால் வருவித்துவிட்டால், கணிதத்தில் பயம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். உலகின் நல்ல மாதிரிகளே இன்றும் வருகை நேரத்தில் சராசரியாகப் பத்து மணி நேரம் வரை பிசகுகின்றன என்பதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.

மாறாக, துருவ ஒளிப் படங்களில் இருக்கும் ஆர்வம் எண் பட்டியலைத் திறந்ததும் வடிந்துபோனால், அதில் குறை ஒன்றும் இல்லை. பிடித்த பொழுதுபோக்காக வைத்துக்கொண்டு வேறு படிப்பைத் தேர்ந்தெடுக்கட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை எங்கள் கருத்து உறுதியானது: இளநிலையில் பி.எஸ்சி. இயற்பியல். பெயரில் விண்வெளி என்று இருக்கும் தனியார் பட்டப்படிப்புகளுக்கு அதிகக் கட்டணம் கட்டாதீர்கள். முதுநிலை நுழைவுத்தேர்வுகள் கேட்பது மின்காந்தவியல், இயக்கவியல், வெப்ப இயற்பியல், கணித முறைகள். ஏரோஸ்பேஸ் பொறியியலும் இந்தத் துறை அல்ல. அது விமானம், ராக்கெட் வடிவமைப்பு. அருகிலுள்ள அரசு அல்லது அரசு உதவிபெறும் கல்லூரியில் நல்ல இயற்பியல் துறை இருந்தால் தாராளமாகப் போதும். தமிழ் வழியில் படித்த பிள்ளை என்றால் முதல் ஆண்டிலேயே ஆங்கிலப் பாடநூல்களைத் தினமும் பத்துப் பக்கம் வாசிக்கும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். இயற்பியல் அவளுக்குத் தெரியும், கலைச்சொற்கள்தான் தடுக்கும். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில், ஐஐஎஸ்இஆர்களுக்கு ஐஏடி தேர்வு, புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு, திருவனந்தபுரம் ஐஐஎஸ்டிக்கு (விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்) ஜேஇஇ அட்வான்ஸ்டு என்று பிளஸ் டூ முடித்ததும் எழுதக்கூடியவையும் உண்டு. கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் வழி அடைபடுவதில்லை.

மூன்றாம் ஆண்டில், முதுநிலையில் சேர ஜாம் தேர்வு. முதுநிலையின் கடைசி ஆண்டில், முனைவர் ஆய்வுக்குச் சேர ஜெஸ்ட், நெட், கேட், டாடா நிறுவனத்தின் தனித் தேர்வு. சூரிய இயற்பியலுக்குப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், நைனிடால் ஏரீஸ். சூரிய மாதிரிகளுக்குக் கொல்கத்தா ஐஐஎஸ்இஆர். புவிகாந்தத்துக்கு நவி மும்பை இந்தியப் புவிகாந்த நிறுவனம். கடைசியாகச் சொன்ன நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்று திருநெல்வேலியில் இருக்கிறது. காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம் என்பதால் அங்கே மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டத்தை நெருங்கி அளக்க முடிகிறது. கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கியது. 1904 முதல் நாள்தோறும் எடுத்த சூரியப் படங்கள் இப்போது எண்மமாக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கின்றன. ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவையே அச்சாகக் கொண்டு 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் வானொலித் தொலைநோக்கி, வழியில் வந்துகொண்டிருக்கும் சிஎம்இகளை தொலைதூர வானொலி மூலங்களின் மினுக்கத்தை வைத்துத் தடம் பிடிக்கிறது. பள்ளி விடுமுறையில் கொடைக்கானலுக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள்.

கருவி செய்வதில் ஆசை என்றால் பொறியியல் வழியும் திறந்தே இருக்கிறது. ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்தவர். ஆகவே மின்னணுவியல் படித்தால் சூரியன் கைநழுவிப் போய்விடும் என்று அவள் அழ வேண்டியதில்லை. தரவை ஆராய்வதா, அதை அளக்கும் பெட்டியைச் செய்வதா என்பதை மட்டும் அவள் யோசிக்க வேண்டும்.

வருமானம்: முனைவர் ஆய்வில் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அடுத்த 3 ஆண்டுகள் 42,000 ரூபாய், 2023 ஜனவரி முதல் இந்த விகிதம். வீட்டு வாடகைப் படி தனி. அதன்பின் பெரும்பாலோர் வெளிநாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆய்வாளராக இருந்துவிட்டே நிரந்தர இடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள். இந்தக் கட்டத்தில்தான் குடும்ப அழுத்தம் அதிகமாகும். முப்பது வயதில் நிரந்தர வேலை இல்லை என்று உறவினர் கேட்பார்கள். அதற்கு நீங்கள் இப்போதே தயாராக வேண்டும். இந்தியாவில் விண்வெளி வானிலைக்கென்று தனியார் வேலைகள் இன்னும் மிகக் குறைவு. ஆனால் இவ்வளவு தரவைக் கையாளப் பழகியவர் முதுநிலைக்குப் பிறகு விலக நினைத்தாலும், காலத்தொடர்த் தரவுப் பகுப்பாய்வு, செயற்கைக்கோள் இயக்கம், ஜிபிஎஸ் போன்ற வழிகாட்டிச் சமிக்ஞைகளின் திருத்தம் ஆகியவற்றுக்குத் திரும்ப முடியும். நிரலெழுதும் பழக்கத்தை முதல் ஆண்டிலிருந்தே விடக்கூடாது என்று நாங்கள் வலியுறுத்துவது அதனால்தான்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் தவறவிடக் கூடாத ஒன்று, இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்) சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு நிதியுதவி. இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானியோடு வேலை செய்யலாம். விண்ணப்பம் கோடைக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும்; ஏப்ரலில் தேடினால் கிடைக்காது. ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், தன் ஆர்வத்தை விளக்கி ஒரு சிறு கட்டுரையும் எழுத வேண்டும். அந்தக் கட்டுரையில் சூரியன் பிரம்மாண்டமானது என்று எழுதுவதைவிட, மே 11 அதிகாலை மேட்டைத் தான் எப்படிக் கண்டாள், காற்றழுத்தத் திருத்தத்தை ஏன் செய்தாள் என்று அவள் எழுதட்டும். வரைபடத்தையும் நிரலையும் பொதுவில் ஏற்றி இணைப்பைக் கொடுக்கட்டும். பரிந்துரை எழுதும் பேராசிரியருக்கும் அதையே காட்டச் சொல்லுங்கள்.