சரிவில் அணையும் ஜீப்பை புரொப்பேனுக்கு மாற்றலாமா?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என்னிடம் 1984ஆம் ஆண்டு ஜீப் சிஜே-7 இருக்கிறது. 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், கார்புரேட்டர் எஞ்சின். மோவாப் பாறைத் தடங்களில் செங்குத்தாக ஏறும்போதும் வண்டி பக்கவாட்டில் சாயும்போதும் எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. புரொப்பேனுக்கு மாற்றினால் தீரும் என்கிறார்கள். உண்மையா? வீட்டில் பார்பிக்யூ அடுப்புக்கு வைத்திருக்கும் சிலிண்டரையே பயன்படுத்திக்கொள்ளலாமா?"

முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்குக் கூடவே கூடாது என்றும் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் வண்டியில் உள்ள கார்டர் பிபிடி கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் தேங்கி நிற்கிறது. அதன் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. வண்டி சாய்ந்தால் பெட்ரோலும் சாயும். ஒரு பக்கம் வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும், அல்லது பெட்ரோலை உறிஞ்சும் ஜெட் துளை காற்றில் நின்று எஞ்சினைப் பட்டினி போடும். புரொப்பேன் எஞ்சினுக்குள் வாயுவாகவே நுழைவதால் அதற்குக் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. கார்புரேட்டருக்குப் பதிலாகப் பொருத்தும் மிக்ஸரில் உள்ள டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு எஞ்சினின் உறிஞ்சலுக்கு ஏற்ப மேலெழுந்து, காற்றையும் வாயுவையும் ஒரே அசைவில் திறந்துவிடுகிறது. இம்ப்கோ 425 போன்ற மிக்ஸர்களைப் பாறை ஏறுபவர்கள் நெடுங்காலமாக விரும்பிவருவது இதனால்தான்.

ஆனால் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது சிலிண்டரைத்தான், மிக்ஸரை அல்ல. பார்பிக்யூ சிலிண்டர் நின்ற நிலையில் மேலிருந்து வாயுவைத் தருவது. எஞ்சின் கேட்கும் வேகத்தில் வாயுவை எடுத்தால் உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து, அழுத்தம் விழுந்து, சிறிது நேரத்தில் வண்டி சோர்ந்துவிடும். அதைப் படுக்க வைத்தாலோ வாயுவுக்குப் பதில் திரவம் வரும்; பாதுகாப்பு வால்வும் திரவத்துக்குள் மூழ்கிவிடும். ஊரில் சமையல் எரிவாயு உருளையை வேனில் பொருத்தி ஓட்டியதால் நேர்ந்த தீ விபத்துகளை நாம் செய்திகளில் படித்திருக்கிறோம்; அந்த வழி எந்த நாட்டிலும் வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளில் படுக்கையாகப் பொருத்தும், திரவமாக எரிபொருள் தரும் சிலிண்டர். 33.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 15 கிலோ கொள்ளும் அளவு எளிதில் கிடைக்கும். அதன் வால்வைச் சுற்றியுள்ள வளையத்தில் ஒரு துளை உண்டு. தாங்கியில் உள்ள முளை அதில் பொருந்தினால்தான் திரவத்தை எடுக்கும் உள்குழாய் கீழ்நோக்கியும், பாதுகாப்பு வால்வு மேலே வாயு இருக்கும் பகுதியிலும் நிற்கும். ஏறும்போது திரவம் பின்பக்கம் ஒதுங்கும் என்பதால், சிலிண்டர் காலியாகும் தறுவாயில் உள்குழாய் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து, வண்டிக்குக் குறுக்காக வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வண்டியின் பாதுகாப்புக் கூண்டுக் கம்பிகளுக்கு உள்ளே, வண்டி உருண்டாலும் அசையாத அளவுக்குத் தாங்கியைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

எந்தச் சிலிண்டரையும் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது. 15 டிகிரி செல்சியஸில் நிரப்பிய புரொப்பேன் 40 டிகிரியில் ஏறத்தாழ 8 விழுக்காடு விரிகிறது; மோவாப் கோடையில் அந்த வெப்பம் அபூர்வமல்ல.

சிலிண்டரிலிருந்து வரும் திரவம் அடைப்பு வால்வையும் வடிகட்டியையும் கடந்து, ரெகுலேட்டரில் வாயுவாகிறது. ஆவியாக அதற்கு வெப்பம் வேண்டும். அதை எஞ்சினின் குளிர்விப்பு நீர்தான் தருகிறது. ஹீட்டருக்குப் போகும் குழாயிலிருந்து அந்த நீரை எடுக்கலாம், ஆனால் ஹீட்டரை மூடினால் ஓட்டம் நின்றுவிடாதபடி இணையுங்கள். ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே ரெகுலேட்டரைப் பொருத்தாவிட்டால் அதில் காற்று தங்கி, நீர் சுற்றாது. ரெகுலேட்டரின் வெளிப்புறத்தில் உறைபனி படிவதைக் கண்டால் கோளாறு வாயுவில் இல்லை, நீரோட்டத்தில்தான் இருக்கிறது. காலையில் முதலில் கிளப்பும்போது நீர் சூடேறும்வரை எஞ்சினைச் சும்மா ஓடவிடுவதும் இதற்காகவே. அதே சமயம், பெட்ரோலை ஆவியாக்குவதற்காக, எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குத் தரப்பட்டிருக்கும் சூடு இனித் தேவையில்லை. அதைத் துண்டித்தால் உள்ளே போகும் காற்று அடர்த்தியாகி, இழக்கும் ஆற்றலில் கொஞ்சம் திரும்பிவரும்.

ஆம், ஆற்றலில் இழப்பு உண்டு. வாயு தன் இடத்தை எடுத்துக்கொள்வதால் காற்றுக்கு இடம் குறைகிறது. 5 முதல் 10 விழுக்காடு வரை குறையலாம். புரொப்பேனின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டுவதால் உயர் அழுத்த விகிதமுள்ள, அதாவது கலவையை அதிக மடங்கு நெருக்கும் எஞ்சினில் இதை ஈடுகட்டலாம், ஆனால் உங்கள் எஞ்சினின் விகிதம் 9-ஐ ஒட்டியே இருப்பதால் அந்தப் பலன் முழுமையாகக் கிடைக்காது. மெதுவாகப் பாறை ஏறுபவருக்கு இது பெரிய குறையாகத் தெரியாது என்பது என் எண்ணம். தூரம் குறைவதுதான் கவலை தரும். ஒரு லிட்டர் புரொப்பேனில் பெட்ரோலின் முக்கால் பங்கு ஆற்றலே இருக்கிறது. 15 கிலோ என்பது ஏறத்தாழ 30 லிட்டர். அது 22 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆகவே மாற்றுச் சிலிண்டர் ஒன்று உடன் இருக்கட்டும்.

பற்றவைப்பில் சோம்பல் காட்டாதீர்கள். தொடக்க டைமிங்கை, அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பொறி எவ்வளவு முந்தி விழுகிறது என்பதை, சில டிகிரி கூட்டலாம். ஆனால் பொறியைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மொத்த முன்னேற்றம், அதாவது வேகமாகச் சுற்றும்போது பொறி முந்தும் அளவு, அதனால் உயராதபடி அதன் உள்ளே மட்டுப்படுத்த வேண்டும். வாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் தேவைப்படுவதால், ஸ்பார்க் பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைத்து, பழைய ஒயர்களை மாற்றிவிடுங்கள். பொறி தவறினால் இன்டேக்குக்குள் வெடித்து மிக்ஸரின் டயஃப்ரத்தையே கிழித்துவிடும். எஞ்சின் தலையை எப்போதாவது கழற்ற நேர்ந்தால் கடினப்படுத்திய எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்வது நல்லது.

எஞ்சின் நின்ற கணமே எரிபொருளும் நிற்க வேண்டும். ஆயில் அழுத்த சுவிட்சுடன் இணைத்த மின்வால்வு இதைச் செய்யும்; வண்டி கவிழ்ந்து எஞ்சின் அணைந்தால் உங்களைக் காப்பது அதுதான். திரவம் செல்லும் குழாய்கள் 350 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் எல்பிஜி குழாய்களாக இருக்கட்டும். இரண்டு வால்வுகளுக்கு இடையே திரவம் சிறைப்படக்கூடிய இடத்தில் அழுத்தம் விடும் வால்வு ஒன்று கட்டாயம். ஒவ்வொரு இணைப்பையும் சோப்பு நீரால் சோதியுங்கள், உரிமம் பெற்ற எரிவாயுத் தொழிலாளி ஒருவரிடமும் காட்டுங்கள். பொதுச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால், பாகங்கள் வாங்குமுன் உங்கள் மாவட்டத்தின் புகைச் சோதனை விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது; கசிந்தால் தரையோடு தவழ்ந்து, வீட்டுக் கேரேஜில் தரை மட்டத்தில் எரியும் வாட்டர் ஹீட்டரின் சுடரைத் தேடிப் போகும். எனவே வண்டியை வெளியிலேயே நிறுத்துங்கள். உள்ளே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், வெளியில் வைத்தே சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.