வருவதற்கு முன்பே சொல்லுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. மார்பு வளரத் தொடங்கியிருக்கிறது. மாதவிடாய் பற்றிச் சொல்லலாம் என்றால், “குழந்தை மனதைக் கெடுக்காதே, எங்களுக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்கிறார் மாமியார். பன்னிரண்டு வயதில் மகனும் வீட்டில் இருக்கிறான். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அன்புச் சகோதரி, இந்த வாரமே சொல்லிவிடுங்கள். மார்பு வளரத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம். சிலருக்கு முன்னதாகவே வந்துவிடுகிறது.

உங்கள் மாமியார் சொல்வது உண்மைதான், யாரும் சொல்லவில்லை. 1974-ல் நான் பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டினார்கள். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்தார்கள். ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, ஆண்கள் முகத்தில் விழிக்காதே என்றார்கள். இது மாதாமாதம் வரும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ரத்தத்தைப் பார்த்ததும், குணமான நோய் திரும்பிவிட்டது என்று கிணற்றடியில் உட்கார்ந்து அழுதேன்.

என் மகள் காலத்தில் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருந்தது. ஆசிரியை அந்தப் பாடத்தை மட்டும் “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று தாண்டிப் போனார். 2005-ல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வியைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதை எதிர்த்து நிறுத்தின. அதே காலத்தில் கோவை முருகானந்தத்தின் மலிவு விலை நாப்கின் இயந்திரம் வந்தது. தமிழக அரசின் ‘புது யுகம்’ திட்டத்தில் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாக நாப்கின் கிடைத்தது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று துணி துவைத்து மறைவாக உலர்த்திய எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் நாப்கின் வந்த வேகத்தில் பேச்சு வரவில்லை. அதைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு, ரத்தம் சிறுநீர்த் துவாரத்திலிருந்து வரவில்லை என்பது இன்றும் தெரியாது. மருந்துக்கடையில் இன்னமும் செய்தித்தாளில் சுற்றித்தானே தருகிறார்கள்!

ஆகவே மகளிடம் படம் வரைந்து சொல்லுங்கள். கருப்பையின் உட்புறம் மாதந்தோறும் ஒரு மெத்தை போல வளர்கிறது, கரு உண்டாகாவிட்டால் ரத்தத்தோடு கழிகிறது. இது தீட்டும் இல்லை, நோயும் இல்லை. முதல் ஓரிரு ஆண்டுகள் நாள் தள்ளித் தள்ளி வரலாம். நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். இப்போதே ஒன்றைப் பிரித்து உள்ளாடையில் ஒட்டிப் பழகட்டும், பள்ளிப் பையில் இரண்டு இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்துபோகும் அளவுக்கு ரத்தம் போனாலோ, பதினைந்து வயதாகியும் வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மகனை ஒதுக்கிவிடாதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கு இன்றுவரை யாருமே சொல்வதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குரல் உடைவதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் இயல்பானவை என்று அவனுடைய அப்பா சொல்லட்டும். சொல்லாமல் விட்டால், நரம்புத் தளர்ச்சி என்று மிரட்டிப் பணம் பறிக்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரம் அவனுக்குச் சொல்லும். தங்கைக்கு என்ன நடக்கப் போகிறது என்பதும் அவனுக்குத் தெரிய வேண்டும். கடைக்குப் போய் நாப்கின் வாங்கி வரவும் அவன் பழகட்டும்.

மஞ்சள் நீராட்டு விழா வேண்டுமா என்று நாளை வீட்டில் பேச்சு எழும். அதை மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவளுக்கு விருப்பமில்லை என்றால் தாய்மாமன் சீரோடு, உளுந்தங்களியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஊர் முழுக்கப் படம் போட்டு பேனர் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாமியாரோடு வாதாடாதீர்கள். “நீங்கள் பெரியவளான அன்று என்ன அத்தை நடந்தது?” என்று மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அறுபது வருடமாக அதை அவரிடம் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள்.