மருந்துத் தட்டில் கடைசிக் கிண்ணம்

கேள்வி: மனநல வார்டில் செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நோயாளி வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. இன்னொரு பெண்ணை, டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் மறக்க முடிவதில்லை. "முதலில் உன்னைக் கவனி" என்கிறார் சீனியர் சிஸ்டர். எதைக் கவனிப்பது? தியானம் பழக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தியானம் பிடித்தால் செய்யுங்கள். நான் அதில் தேறவில்லை. கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது. எரிச்சல் எல்லோருக்கும் வரும். உங்களுக்கு அது எட்டு மாதத்தில் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிய 4 ஆண்டுகள் பிடித்தன.

அப்போது ஒரு பெரியவர் இருந்தார். உத்தரவு போடும் குரல். பேசும்போது கட்டில் பக்கத்து லாக்கரை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார். அவரைக் கவனிப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் கூட வேலை பார்த்த சிஸ்டர் கேட்டார்: "அவர் கட்டில் வாசல் பக்கம்தானே இருக்கிறது? அவருக்கு மட்டும் ஏன் கடைசியில் மருந்து கொடுக்கிறாய்?" தட்டைப் பார்த்தேன். முதல் கட்டிலுக்குரிய கிண்ணம் கடைசி வரிசையில் இருந்தது. அடுக்கியவள் நான்தான்.

அன்றிரவு என் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். மற்றவர்களுக்கு ஐந்தாறு வரி: தூக்கம், பேச்சு, முகம் எல்லாம் இருந்தன. அவருக்கு ஒன்பது நாளும் ஒரே வரி: "ஒத்துழைக்கவில்லை." அவர் தூங்கினாரா என்பதுகூட இல்லை. அந்த விரல் தட்டல் என் அப்பாவுடையது. மதிப்பெண் பட்டியலோடு நான் எதிரில் நிற்கும்போது மேஜையில் அப்படித்தான் தட்டுவார்.

நம் பழைய உறவுகளின் உணர்ச்சி நோயாளி மேல் திரும்புகிற இதைத்தான் பாடத்தில் 'கவுண்டர் டிரான்ஸ்ஃபரன்ஸ்' என்று படித்திருப்பீர்கள். ஃப்ராய்டு 1910-இலேயே மருத்துவர்களை எச்சரித்த விஷயம். 1952-இல் அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவையே எங்கள் பணியின் மையமாக வைத்தார். செவிலியரின் பதற்றம் நோயாளிக்கும் தொற்றும் என்பது அவர் பாடம். தட்டை எந்த வரிசையில் அடுக்கினோம் என்பதுகூட அங்கே சிகிச்சையில் சேர்ந்துவிடுகிறது.

கல்லூரியில் 'பிராசஸ் ரெக்கார்டிங்' எழுதிய நோட்டு எங்காவது கிடக்கும். உங்களைக் கவனிக்கவும் அதே முறைதான். நோயாளி சொன்னது, நான் சொன்னது, அந்த நேரம் எனக்குள் நடந்தது என்று மூன்று பத்தி. மாணவிகள் மூன்றாவது பத்தியில் "அனுதாபம் ஏற்பட்டது" என்று எழுதிக் கொடுப்பார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப் போயிருக்கிறேன். "கடிகாரத்தைப் பார்த்தேன்", "தாடை இறுகியது", "இவர் திருந்தப்போவதில்லை என்று நினைத்தேன்" என்று எழுதுங்கள். உடம்பு முந்திக்கொண்டு சொல்லிவிடும். காரணம் மெதுவாக வரும். வாரம் ஒரு உரையாடல் போதும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வேண்டாம்.

மறக்க முடியாத அந்தப் பெண்ணைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. எரிச்சல் முகத்தில் தெரிந்துவிடும். பாசம் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு ஒளிந்திருக்கும். அவருக்காக ஷிப்ட் முடிந்தும் நிற்கிறீர்களா? வார்டு விதியை அவருக்கு மட்டும் தளர்த்துகிறீர்களா? "உங்களிடம் மட்டும் சொல்கிறேன்" என்று அவர் சொன்ன எதையாவது குழுவிடம் சொல்லாமல் வைத்திருக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், பத்திரிகையை மூடிவிட்டு இப்போதே சீனியரிடம் பேசுங்கள். தற்கொலை எண்ணமும் பல நேரம் அப்படி ரகசியமாகத்தான் நம்மிடம் வந்து சேர்கிறது.

நோட்டில் பிடிபடாதவையும் உண்டு. 1955-இல் ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் இருவரும் வரைந்த 'ஜோஹரி ஜன்னல்' நினைவிருக்கிறதா? நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் என்ன தெரியும் என்று காட்டும் படம் அது. அதன் நான்கு கட்டங்களில் ஒன்று, மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்குத் தெரியாதவற்றுக்கு உரியது. என் மருந்துத் தட்டு அங்கேதான் இருந்தது. அதனால் உங்கள் சீனியரிடமே கேளுங்கள். "நான் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "நன்றாகத்தான் இருக்கிறாய்" என்பார். "அவரிடம் பேசும்போது என் குரல் மாறுகிறதா?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பெரியவருக்கு மறுநாள் முதலில் மருந்து கொடுத்தேன். "இன்றைக்கு என்ன, சீக்கிரம்?" என்றார், லாக்கரைத் தட்டிக்கொண்டே. எரிச்சல் வரத்தான் செய்தது. இரவு தூங்கினீர்களா என்று கேட்டேன். நான்கு நாளாகத் தூக்கமே இல்லை என்றார்.