நெல்லாகச் சேர்த்து வையுங்கள்: சுமோ பதிவுகள் பற்றிக் கேள்வி பதில்

ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என்று ஆண்டுக்கு 6 சுமோ பாஷோ, அதாவது போட்டித் தொடர். ஒவ்வொன்றும் 15 நாள். பாஷோ முடிந்த அடுத்த வாரம் முழுவதும் எனக்குப் பதிவு வேலைதான். யார் யாரை எந்த உத்தியில் வீழ்த்தினார் என்று ஒவ்வொரு ஆட்டமாகச் சரிபார்த்து எழுதி வைப்பேன். பல வருடமாக இப்படி ஓடுகிறது. இதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொன்னதும் நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: அண்ணா, எனக்குப் பிடித்த ஐந்தாறு மல்லர்களின் தொகுயிவாசாவை, அதாவது அவர்களுக்குக் கைவந்த உத்திகளை, குறித்து வைக்க ஆசை. எதில் தொடங்கலாம்?

தொகுயிவாசாவில் தொடங்காதீர்கள் தம்பி, ஆட்டத்தில் தொடங்குங்கள். ஒரு ஆட்டத்துக்கு ஒரு வரி. எந்த பாஷோ, எத்தனையாவது நாள், கிழக்கில் யார், மேற்கில் யார், அன்று இருவரும் எந்தத் தரத்தில் இருந்தார்கள், வென்றது யார், கிமாரிதே (ஆட்டத்தை முடித்த உத்தி) என்ன, இந்தத் தகவலை எங்கிருந்து என்றைக்கு எடுத்தீர்கள். இவ்வளவுதான்.

"இவருக்குக் கைவந்தது மேல்பிடி எறிதல்" என்பது ஒரு முடிவு. வரிகள் கையில் இருந்தால் அந்த முடிவை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் எண்ணி எடுக்கலாம். முடிவை மட்டும் எழுதி வைத்துவிட்டு நாளைக்கு ஆட்டங்களைத் தேடினால் கிடைக்காது. நெல்லாகச் சேர்த்து வைத்தால் அரிசியும் குத்தலாம், அவலும் இடிக்கலாம்.

கேள்வி: ஜப்பான் சுமோ சங்கத்தின் இணையதளத்திலேயே ஒவ்வொரு மல்லருக்கும் தொகுயிவாசா போட்டிருக்கிறார்களே? அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாதா?

எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தேதி போட்டுத் தனிக் கட்டத்தில் வையுங்கள், உங்கள் எண்ணிக்கையோடு கலக்க வேண்டாம். அங்கே இருப்பது பெரும்பாலும் "மிகியோத்சு, யோரி" அல்லது "த்சுகி, ஓஷி" என்ற அளவில்தான் இருக்கும். மிகியோத்சு என்றால் வலது கை எதிராளியின் கைக்கு உள்ளே போய் மவாஷியை, அதாவது இடுப்புத் துணியை, பிடிப்பது. யோரி என்றால் பிடித்தபடி நெருக்கி நடத்துவது. த்சுகி, ஓஷி என்றால் மவாஷியைப் பிடிக்காமல் உள்ளங்கையால் அடித்துத் தள்ளும் ஆட்டம். இவை ஆட்டம் நடந்த விதத்தைச் சொல்கின்றன. கிமாரிதே ஆட்டம் முடிந்த விதத்தைச் சொல்கிறது. இரண்டும் வேறு.

சியோனோஃபுஜியை எடுத்துக்கொள்ளுங்கள். 31 பட்டம் வென்ற யோகோசுனா, அதாவது உச்சத் தரத்து மல்லர். அவர் பெயரைச் சொன்னதும் ரசிகர் கண்முன் வருவது இடது கை மேல்பிடியில் எறிந்துகொண்டே வலது கையால் எதிராளியின் தலையை அமுக்கும் அந்த உவாதெநாகெ, அதாவது மேல்பிடி எறிதல்தான். எண்ணிப் பார்த்தால் யோரிகிரிதான் (பிடித்து நடத்தி வெளியேற்றுவது) முன்னால் நிற்கும். பாய்ந்ததும் இடது கையால் மவாஷியின் முன்பக்கத்தைப் பிடித்துவிடுவார். அந்தப் பிடி விழுந்த பிறகு எதிராளி வளையத்துக்கு வெளியே போவது பல சமயம் வெறும் நடைதான். பதிவில் "யோரிகிரி" என்ற ஒரு சொல்தான் மிஞ்சும், அந்த இடது கை காணாமல் போய்விடும். அதனால்தான் நான் முக்கியமான ஆட்டங்களுக்கு இன்னொரு கட்டம் வைத்திருக்கிறேன்: எந்தக் கை உள்ளே, எந்தக் கை வெளியே, முதல் பிடி யாருடையது. ஆட்டத்தைப் பார்த்தால் மட்டுமே நிரப்புவேன். பார்க்காத ஆட்டத்துக்கு அது காலியாகவே இருக்கும்.

கேள்வி: மொத்தம் 82 கிமாரிதே என்கிறார்கள். எல்லாம் உண்மையிலேயே வருமா?

ஏறக்குறைய பாதி ஆட்டங்கள் யோரிகிரியிலும் ஓஷிதாஷியிலும் முடிந்துவிடும். பிடித்து நடத்தி வெளியேற்றினால் யோரிகிரி, கையால் தள்ளி வெளியேற்றினால் ஓஷிதாஷி. அப்புறம் ஹதாகிகோமி (கீழ்நோக்கி அடித்து விழ வைப்பது), உவாதெநாகெ மாதிரி சில. மீதியெல்லாம் அபூர்வம். 2017 ஜனவரியில் மேலிருந்து இரண்டாவதான ஜூரியோ பிரிவில் உரா என்ற மல்லர் தசுகிசோரியில் (பின்னால் வளைந்து எறிவது) ஜெயித்தபோது, பல வருடம் பார்த்தவர்களே பெயரைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

பதிவு வைப்பவருக்கு இங்கே ஒரு குழி உண்டு. சங்கம் 1955இல் 68 உத்திகளை வகுத்தது, 1960இல் அது 70 ஆனது, 2001 ஜனவரி பாஷோவிலிருந்து 82. உஷிரோமோதாரே, த்சுதாயெசோரி போன்றவை அப்போது சேர்ந்தவை. இவற்றைப் பழைய ஆண்டுகளில் தேடினால் பூஜ்யம் வரும். யாரும் செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள், அந்தப் பெயர் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். 82க்கு வெளியே இன்னும் 5 முடிவுகள் உண்டு. தானே கால் வெளியே வைத்துவிடுவது, தானே இடுப்பு ஒடிந்து விழுவது போன்றவை அவை. அவற்றை வென்றவரின் உத்தியாக எண்ணக் கூடாது.

கேள்வி: கிமாரிதேயை முடிவு செய்வது யார்? நான் பார்த்ததும் அறிவித்ததும் சில நாள் ஒத்துப்போவதில்லை.

வளையத்தில் நிற்கும் நடுவரான கியோஜி அல்ல. அதற்கென்று சங்கத்தின் ஆட்கள் இருக்கிறார்கள், காணொளியையும் பார்த்துச் சொல்வார்கள். முதலில் அறிவித்தது பிறகு திருத்தப்படுவதும் உண்டு. அதனால் அன்று மாலையே எழுதினாலும் பாஷோ முடிந்ததும் ஒருமுறை ஒப்பிடுங்கள். உங்கள் கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால் குறிப்பில் எழுதலாம், அதிகாரப்பூர்வக் கட்டத்தில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: கோதோனோவகா, கோதோசகுரா என்று தேடினால் தலை சுற்றுகிறது. ஒரே ஆளா, மூன்று பேரா?

மூன்று பேர், இரண்டு பெயர். தாத்தா கோதோசகுரா, 53ஆவது யோகோசுனா. அவர் மருமகன் கோதோனோவகா, மூன்றாவது உயர் தரமான செகிவாகே வரை வந்தவர். பேரன் முதலில் கோதோகமதானி, 2019இல் அப்பாவின் பெயரை ஏற்றுக் கோதோனோவகா, யோகோசுனாவுக்கு அடுத்த தரமான ஓசெகி ஆனபின் 2024 மே மாதம் தாத்தாவின் பெயரை ஏற்றுக் கோதோசகுரா. 2024 நவம்பரில் பட்டம் வென்றது பேரன்.

சுமோவில் பெயர் என்பது சட்டை மாதிரி மாறும், பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறவும் செய்யும். வகானோஹானா என்ற பெயரில் மட்டும் மூன்று யோகோசுனாக்கள். அதனால் பெயரை அடையாளமாக வைக்கவே கூடாது. ஒவ்வொரு மல்லருக்கும் ஒரு எண் கொடுங்கள். அந்த எண்ணுக்குக் கீழே எந்தப் பெயர் எந்த பாஷோவிலிருந்து எந்த பாஷோ வரை என்று எழுதுங்கள். ஆட்ட வரியில் அன்றைக்கு இருந்த பெயரே இருக்கட்டும். இன்றைய பெயரைப் பழைய வரிகளில் மாற்றி எழுதினால், பழைய செய்தித்தாளை வைத்துச் சரிபார்க்க வருகிறவர் திண்டாடிப் போவார்.

கேள்வி: 2011இலும் 2020இலும் சில பாஷோவே இல்லையே, காலியாக விடலாமா?

காலியாக விட்டால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று தோன்றும். "நடக்கவில்லை" என்று காரணத்தோடு எழுதுங்கள். 2011 மார்ச் பாஷோ ஆட்டங்களை முன்பே பேசி வைத்துக்கொண்ட விவகாரத்தால் ரத்தானது. மே மாதம் நடந்தது "திறன் சோதனை" என்ற பெயரில். 2020 மே கொரோனாவால் ரத்து. ஆனால் அதற்கான பன்சுகே, அதாவது தரவரிசைத் தாள், அதற்குள் வெளியாகிவிட்டது. அதே தாளைத்தான் ஜூலையில் பயன்படுத்தினார்கள். இது தெரியாமல் இரண்டு மாதத்தையும் பார்த்தால் யாருமே நகரவில்லையே என்று குழப்பம் வரும்.

கேள்வி: எடோ காலத்து மல்லர்களையும் இதே பட்டியலில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் வெற்றி, தோல்வி என்ற இரண்டு கட்டம் போதாது. அந்தக் காலத்து மல்லர் ராய்தெனின் கணக்கு 254 வெற்றி, 10 தோல்வி. அதோடு 2 ஹிகிவாகே, 14 அசுகாரி, 5 முஷோபு என்று தனித்தனியாக இருக்கிறது. ஹிகிவாகே சமநிலை. அசுகாரி என்பது தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்வது. முஷோபு என்பது முடிவே சொல்லாமல் விடுவது. இவற்றையெல்லாம் "மற்றவை" என்று ஒரே கட்டத்தில் போட்டால் அந்தக் காலத்தின் வழக்கமே அழிந்துபோகும். 1920களின் பிற்பகுதி வரை எதிராளி வராவிட்டால் வந்தவருக்கும் ஓய்வு என்றுதான் பதிவு. இப்போது மாதிரி இலவச வெற்றி கிடையாது. 1927 வரை ஒசாகாவுக்குத் தனிச் சங்கம், தனிப் பன்சுகே. பழைய தாள்களைப் பார்க்க ஆசை இருந்தால் டோக்கியோ ரியோகோகு கொகுகிகானுக்குள் இருக்கும் சுமோ அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 1954இல் தொடங்கியது அது.

கேள்வி: அக்காலம் இருக்கட்டும் சார், பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் நான் பார்த்த ரசிகர் பக்கங்களே இப்போது இல்லை. என்ன செய்வது?

அந்த வலி எனக்கும் உண்டு. சொந்தப் பக்கம் வைக்க இடம் தந்த ஜப்பானின் ஜியோசிட்டீஸ் தளம் 2019 மார்ச் 31இல் மூடப்பட்டது. எத்தனையோ ரசிகர்கள் வருடக்கணக்கில் கையால் தட்டிய பக்கங்கள் அதில் இருந்தன. ஒருவர் தன் ஊர் மல்லர்களை மட்டும் எழுதியிருப்பார், இன்னொருவர் ஒரே பயிற்சிக்கூடத்தின் எல்லா முடிவுகளையும் வைத்திருப்பார். பழைய முகவரி உங்களிடம் இருந்தால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள், சில கிடைக்கும். இன்று நீங்கள் பார்க்கும் பக்கத்தை இன்றே அதில் சேமித்து விடுங்கள்.

திறந்ததும் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பக்கம் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பழைய ஜப்பானியப் பக்கங்கள் ஷிஃப்ட்-ஜிஸ் அல்லது இயூசி குறியேற்றத்தில் இருக்கும். அந்தக் குறியேற்றத்தைத் தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகும். யூனிகோடுக்கு மாற்றி வைக்கும்போது மூலக் கோப்பையும் கூடவே வையுங்கள். தகாயசு என்ற மல்லரின் பெயரில் வரும் "தகா" சாதாரண எழுத்து அல்ல, நடுவில் ஏணி போல இருக்கும் இன்னொரு வடிவம். பழைய பக்கங்களில் சாதாரண வடிவமே இருக்கும். இரண்டையும் தேடினால்தான் எல்லா ஆட்டமும் கிடைக்கும்.

நான் ஒருமுறை மூன்று வருடத்துப் பதிவை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்து இழந்தேன். இப்போது வீட்டில் ஒன்று, ஆன்லைனில் ஒன்று, வேறு ஊரில் நண்பர் வீட்டில் ஒன்று. எல்லாம் சாதாரண சி.எஸ்.வி. கோப்பு. எந்த மென்பொருள் போனாலும் நோட்பேடில் திறக்கும்.

கேள்வி: காணொளிகளையும் சேர்த்து வெளியிடலாமா?

வேண்டாம். ஒளிபரப்பு இன்னொருவர் உடைமை. எந்த நாள், எத்தனையாவது நிமிடம் என்று எழுதி வையுங்கள், போதும்.

கேள்வி: உயரம், எடை?

தேதியோடு எழுதுங்கள். மல்லர் மைனோஉமி உயரம் போதாமல் உச்சந்தலையில் சிலிகான் வைத்துக்கொண்டு சேர்க்கைத் தேர்வில் தேறினார் என்பது எல்லோரும் அறிந்தது. எப்போது, யார் அளந்தது என்பது அவ்வளவு முக்கியம்.

கேள்வி: மேல் பிரிவு தகவல் எங்கும் கிடைக்கிறது. நாம் எழுதி என்ன ஆகப் போகிறது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் பிரிவான மகுஉச்சியில் 42 பேர், அடுத்த ஜூரியோவில் 28 பேர். சம்பளம் வாங்குகிற இந்த 70 பேரின் ஆட்டத்தை உலகமே எழுதுகிறது. அவர்களுக்குக் கீழே நான்கு பிரிவுகளில் ஐந்நூறு பேருக்கு மேல் ஒரு பாஷோவுக்கு 7 முறை வளையத்தில் ஏறுகிறார்கள். காலையில், ஆள் இல்லாத அரங்கில். பன்சுகேயின் கடைசி வரிசையில் இருக்கும் ஜோனோகுச்சி பெயர்கள் எவ்வளவு பொடி என்றால், அந்தப் பிரிவுக்கே பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர்.

ஹத்தோரிசகுரா என்று ஒருவர் ஆடினார், பின்னாளில் பெயர் ஷோனான்சகுரா. 2021இல் ஓய்வு பெறும்வரை மொத்தம் 3 வெற்றி. ஒரு கட்டத்தில் தொடர்ந்து 89 தோல்வி, பிறகு தொடர்ந்து 104. ஆனாலும் பாஷோ தோறும் வந்து ஏறினார். அந்த 3 வெற்றியும் எந்த நாள், யாருக்கு எதிராக, எந்த உத்தியில் என்று இன்றும் சொல்ல முடிகிறதென்றால், ஜோனோகுச்சி வரிகளையும் விடாமல் எழுதியவர்களால்தான். தெருனோஃபுஜி முழங்கால் காயத்தால் 2019 மார்ச்சில் கீழிருந்து இரண்டாவது பிரிவான ஜோனிதான் வரை இறங்கி, 2021இல் யோகோசுனா ஆனதும் எல்லோரும் அந்த ஜோனிதான் ஆட்டங்களைத் தேடினார்கள். அப்போது தேடி எழுதியதில்லை அவை, நடந்த அன்றே இருந்தவை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கீழ்ப் பிரிவில் பதினைந்து வயதில் சேர்ந்து இரண்டே வருடத்தில் விலகுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டப் பெயர், பயிற்சிக்கூடம், சொந்த மாகாணம், முடிவுகள், இவை போதும். இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று தோண்ட வேண்டாம்.

கேள்வி: பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? ஹகுஹோவா, ஹாகுஹோவா?

ஜப்பானிய எழுத்து முதல் கட்டத்தில் இருக்கட்டும், கனாவில் (ஒலியைக் காட்டும் ஜப்பானிய எழுத்து) உச்சரிப்பு இரண்டாவதில், தமிழ் மூன்றாவதில். தமிழ் வடிவத்தை நாளைக்கு மாற்றினாலும் ஒன்றும் கெடாது. நான் ஹகுஹோ என்று எழுதுகிறேன், முதல் எழுத்து குறில். சேகரிப்பைத் தொடங்குகிறவர்கள் அடுத்த பன்சுகே வரும் நாளிலிருந்தே ஒரு பயிற்சிக்கூடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடத்தின் ஜோனோகுச்சி பையனிலிருந்து ஆரம்பியுங்கள். வரி எப்படி இருக்க வேண்டும் என்று மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், என் கோப்பையே தருகிறேன்.